மிகக் கனமான பாட்டு

பாட்டை எடை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டென்ன பழைய இரும்பா, தராசில் தூக்கி வைத்து இத்தனை கிலோ என்று சொல்ல? ஆனால் போன மாதம், எங்கள் பழைய ராக் குழுவின் ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஆறாயிரம் பேர் இணையத்தில் கூடி, வாக்குப் போட்டு, எங்கள் பாட்டுகளிலேயே மிகக் கனமானவை, அதாவது நெஞ்சில் இடிக்கிறவை, எவை என்று பத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். நாங்கள் மேடையேறிய காலத்தில் அறுபது பேர் வந்தாலே எங்களுக்குத் தலைகால் புரியாது. அப்போது இந்த ஆறாயிரம் பேரும் எங்கே போய்த் தொலைந்திருந்தார்களோ தெரியவில்லை.

எங்கள் குழு வாசித்தது புரோகிரசிவ் ராக். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பாட்டு தொடங்கியதும் நீங்கள் வெளியே போய் டீ குடித்து, நாலு பேரிடம் போன் பேசிவிட்டுத் திரும்பி வந்தாலும் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். தாளம் நாலு நாலாகப் போகாது. ஏழு, பதினொன்று, நடுவில் திடீரென்று ஐந்து. ஆடலாம் என்று எழுந்தவன் கால் தடுக்கி விழுவான். நான் அதில் எதையும் வாசித்தவன் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தவன். கிட்டார் வாசித்து, பாட்டையும் கட்டியவனுக்கு மேஸ்திரி என்று பேர் வைத்ததும் நான்தான். அடுக்கு மேல் அடுக்காகக் கட்டிக்கொண்டே போவான், படிக்கட்டு வைக்க மட்டும் மறந்துவிடுவான்.

மேஸ்திரி போன் செய்தான். அந்தப் பத்தையும் சேர்த்து ஒரு ஆல்பமாக வெளியிட ஒரு கம்பெனி கேட்கிறதாம். பழைய டேப்பிலிருந்து எடுத்து நான் புதிதாக ஒலி சீர் செய்து தர வேண்டுமாம்.

"அப்படியே போடக் கூடாதுடா. இப்ப இருக்கிற பசங்களுக்குப் பொறுமை கிடையாது. மெதுவா போற இடத்தையெல்லாம் வெட்டிரு. புல்லாங்குழல் வேணாம். எடுத்ததுமே இடிக்கணும்."

"மெதுவா போறதாலதான்டா இடிக்கிறப்ப இடிக்குது."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்கு எதுக்கு?"

சமைத்ததையெல்லாம் கீழே கொட்டிவிட்டு உப்பை மட்டும் தட்டில் வைத்துக் கொடு என்கிறான். இவன் ஒரு காலத்தில் ஒரே ஒரு நொடி மௌனத்துக்காக என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவன். காதில் போனை வைத்திருக்கவே எனக்கு அசிங்கமாக இருந்தது. இருந்தும் சரி என்றேன். வேறு யாராவது அந்த டேப்பைத் தொடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பட்டியலில் முதல் இடம் 'கிணறு' என்ற பாட்டுக்கு. பதினேழு நிமிஷம். கடைசி அடி விழும்போது கிட்டாரும் டிரம்ஸின் சிம்பல் தட்டும் சேர்ந்து அலற, அதோடு தொம்மென்று ஒரு சத்தம் வரும். பிறகு அந்த ஒலி தேய்ந்து தேய்ந்து அடங்க முப்பத்தெட்டு செகண்ட் ஆகும். அந்தத் தொம்முக்குத்தான் ஆறாயிரம் பேரும் உயிரை விடுகிறார்கள். "பிரபஞ்சத்தின் கதவு சாத்தப்படும் ஓசை" என்று ஒருத்தன் எழுதியிருந்தான். அதை எந்த வாத்தியத்தில் எடுத்தோம் என்று பக்கம் பக்கமாக ஆராய்ச்சி வேறு. பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் அது எந்த வாத்தியமும் இல்லை. டிரம்ஸ் வாசித்த என் மாப்பிள்ளை, என் கூடப்பிறந்த தங்கையின் புருஷன், பக்கவாதம் வந்து ஸ்டூலிலிருந்து கீழே விழுந்த சத்தம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பதிவின் நாலாவது நாள், நண்பகல், இருபத்து மூன்றாவது முயற்சி. காலையிலிருந்தே தலை வலிக்கிறது என்றான் மாப்பிள்ளை. நான் ஒரு மாத்திரை கொடுத்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்றான் மேஸ்திரி. அந்த ஒரே ஒரு தடவையை அவன் காலையிலிருந்து ஆறு தடவை சொல்லியிருந்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அடி விழுந்ததும் நான் கண்ணாடிக்குப் பின்னால் வலது கையைத் தூக்குவேன். ஒலி முழுசாக அடங்கி நான் கையை இறக்கும் வரை உள்ளே ஒருத்தரும் அசையக் கூடாது, மூச்சுக்கூட விடக் கூடாது. ஒருமுறை கீபோர்டு வாசிக்கிறவன் தும்மலை அடக்கப் போய் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிவிட்டது. நாங்கள் என்ன செய்தோம்? கை தட்டினோம். அப்படிப்பட்ட கூட்டம்.

அன்றைக்கும் கையைத் தூக்கினேன். டிரம்ஸுக்கு மட்டும் கண்ணாடி போட்ட தனி அறை, அங்கே ஸ்டூல் காலியாக இருந்ததைப் பார்த்தேன். கஷ்டமான பாட்டு முடிந்ததும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவது மாப்பிள்ளையின் பழக்கம். ஆனால் கை இறங்கிய பிறகுதான் படுப்பான். இன்றைக்கு அவசரப்பட்டுத் தொம்மென்று படுத்துவிட்டானே, முப்பத்தெட்டு செகண்ட் பொறுக்க முடியாதா இவனுக்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கையை இறக்கவில்லை.

இறக்கியதும், மாப்பிள்ளை படுத்து எழுந்து வரட்டும் என்று விட்டுவிட்டு, மற்ற எல்லோரும் என் அறைக்கு ஓடி வந்தார்கள். போட்டுக் கேளு, போட்டுக் கேளு என்று மேஸ்திரி குதித்தான். போட்டேன். முதலிலிருந்து முழுப் பாட்டையும் போட்டேன். பதினேழு நிமிஷம். ஒருத்தர் தோளில் ஒருத்தர் கையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். கடைசியில் அந்தத் தொம் வந்தபோது, "இதை வெட்டாதடா, இதுதான் முடிவே" என்று மேஸ்திரி என் கன்னத்தைக் கிள்ளினான். அதற்கப்புறம்தான் கீபோர்டுக்காரன், சாப்பிடக் கூப்பிடலாம் என்று மாப்பிள்ளையிடம் போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "விழுந்த உடனே தூக்கிட்டோம்மா. ரயில் கேட் மூடியிருந்துச்சு. இருபது நிமிஷம் நின்னுட்டோம்" என்றேன். வாயில் எப்படி வந்ததென்று தெரியாது, வந்துவிட்டது. மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அன்றிலிருந்து என் தங்கை அந்த ரயில் கேட்டைச் சபிக்கிறாள். வேலைக்குப் போக அது குறுக்கு வழி. இருந்தும் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறாள். ஒருநாள் அங்கே நின்று கேட்கீப்பரைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வந்தாளாம். எனக்கு விழ வேண்டிய வசையை யாரோ ஒரு அப்பாவி மனுஷன் வாங்கிக்கொண்டான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும் வரை மாப்பிள்ளையோடு பாட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான் என் வாரத்தில் உருப்படியான ஒரே காரியம். அவனுக்கு வலது கையும் காலும் சரியாக வராது. பேச்சு துண்டு துண்டாக வரும். சட்டையில் பட்டனைப் பிரித்துவிட்டு ஒட்டுப்பட்டை தைத்து வைத்திருக்கிறாள் தங்கை. அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், இவளுக்கு உண்மை தெரிந்தால் எனக்குப் போக ஒரு வாசல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவேன்.

இதில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. விழுந்த கணமே மாப்பிள்ளைக்கு நினைவு போயிருக்கும் என்று நம்பினேன். நானே எனக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல்தான். அவனும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

டேப்பைக் கணினியில் ஏற்றினேன். இப்போது இருக்கிற மென்பொருள் இரைச்சலைத் தனியாக உரித்து எடுத்துவிடும். அன்றைக்குக் கேட்காததெல்லாம் இன்றைக்குக் கேட்கும். 'கிணறு' பாட்டின் கடைசிப் பகுதியை ஹெட்போனில் போட்டேன். தொம். அதற்குப் பிறகு, தேய்கிற ஒலிக்கு அடியில், மரத்தரையில் ஒரு குச்சி உருள்கிற சத்தம். டிரம்ஸ் குச்சி. உருண்டு வந்து, டப்பென்று நின்றது. உருள்கிற குச்சி தானாக அப்படி நிற்காது, ஆடி ஆடித்தான் நிற்கும். யாரோ உள்ளங்கையால் அமுக்கியிருக்கிறார்கள். தரையில் அப்போது இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அப்படியானால் அவனுக்கு நினைவு இருந்திருக்கிறது.

முப்பத்தெட்டாவது செகண்டில் பாட்டை முடித்துவிடுவோம். டேப் அதற்கு மேலும் கொஞ்சம் ஓடியிருந்தது. நான் கையை இறக்கி, டேப்பை நிறுத்துவதற்கு முன்னால் நாலு செகண்ட். அதில் ஒரு குரல். "ம்... ம்ச்..." அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டேன். அவன் என்னைக் கூப்பிடுகிற வார்த்தை ஒன்றுதான். மச்சான். அதில் பாதிகூட வரவில்லை.

எழுந்து போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் தெரிந்த முகத்தின் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மேஸ்திரியை வரச் சொல்லிக் கேட்க வைத்தேன். கேட்டால் ஆடிப்போவான், இந்தப் பாட்டே வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஹெட்போனைக் கழற்றினான். கண் பளபளவென்று இருந்தது.

"ஏத்துடா இதை. குச்சி, குரல், எல்லாத்தையும் ஏத்து. இதுக்கு மேல கனம் வேணுமா?"

"அவன் செத்துக்கிட்டு இருந்தான்டா அங்க."

"சாகலையே. நல்லா யோசி. அவனுக்கும் இது பெருமைதானே? புதுசா ஒரு குரல் வருதுன்னா அவன் கையெழுத்து வேணும்னு கம்பெனி கேக்கும். ஞாயித்துக்கிழமை நீ போறப்ப நானும் வரேன்."

ஒரு புழுவைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தேன். ஆனால் அன்றைக்குப் பாட்டைப் போட்டவன் நான். பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டில் கை நனைத்தவனும் நான். இவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்று மட்டும் முடிவு செய்தேன். மாப்பிள்ளையிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவன் சொல்லட்டும்.

ஞாயிறு, நாலு மணி. தங்கை கீழே கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் டிரம்ஸ் பழகுகிற ரப்பர் பலகையை வைத்துக்கொண்டு இடது கையால் தட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி போனை எடுத்து அந்தத் துண்டைப் போட்டுவிட்டான். அவனுக்கு என்றைக்குமே பொறுமை கிடையாது.

தொம். குச்சி உருண்டது. நின்றது.

மாப்பிள்ளை சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"குச்சி" என்றான். "உருண்டுச்சு. பிடிச்சேன்."

"உனக்கு நினைவு இருந்துச்சா மாப்பிள்ளை?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"கீழ இருந்து... உன் கை தெரிஞ்சுது. தூக்கியிருந்தே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "கூப்பிட்டா நோட்டு கெட்டுடும். நல்லா வந்த டேக். கை இறங்கட்டும்னு இருந்தேன். இறங்குச்சு. கூப்பிட்டேன். வாய் வரல."

"கேட்டியா?" என்று மேஸ்திரி என் தொடையைத் தட்டினான். "இவன்தான்டா கலைஞன்!"

அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"மாப்பிள்ளை, அதுக்கப்புறம் நாங்க என்ன பண்ணோம்னா..."

"தெரியும். பாட்டு போட்டீங்க."

"உனக்கெப்படி..."

"என் ரூம் ஸ்பீக்கர் நீ அணைக்கல மச்சான். முழுசா கேட்டேன். படுத்துக்கிட்டே." இடது கையைத் தூக்கி, குறை சொல்கிறவன்போல ஒரு விரலை ஆட்டினான். "பதினொண்ணாவது நிமிஷம்... கொஞ்சம் ஓடிட்டேன். தாளம். யாரும் கவனிக்கல."

"எந்தப் பாட்டு? எப்ப போட்டீங்க?"

தங்கையின் குரல். கதவருகில் பையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மேஸ்திரி எழுந்து, "ஒண்ணுமில்லம்மா, ஒரு சின்ன கையெழுத்து விஷயம்" என்று பல்லைக் காட்டினான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணா. இவரு கீழ கிடந்தப்ப பாட்டு போட்டுக் கேட்டீங்களா?"

"ஆமாம்மா. சும்மா படுத்திருக்கான்னு நினைச்சோம். எப்பவும் படுப்பான்ல..."

"எவ்வளவு நேரம்?"

"பதினேழு நிமிஷம்."

"அப்ப அந்த கேட்டு?"

"திறந்துதான் இருந்துச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள். புருஷனிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு இது அன்னிக்கே தெரியும்."

மாப்பிள்ளை ரப்பர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சொன்னா... இவனை உள்ள விட மாட்டே. எனக்குப் பாட்டு பேச... வேற யாரு?"

அவள் எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தெரியாமல் சாக்கடையில் காலை வைத்துவிட்டவள் முகம். "சீ" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. என்னை எத்தனையோ பேர் எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள், எதுவும் இப்படி இறங்கியதில்லை.

"நான் கிளம்பறேம்மா" என்று எழுந்தேன்.

"உக்காரு. அந்தப் பாட்டைப் போடு."

"எதுக்கும்மா இப்ப..."

"நான் அதைக் கேட்டதே இல்ல. போடு. முழுசா. துண்டு துண்டா இல்ல, அன்னிக்கு நீங்க எல்லாரும் சந்தோஷமா கேட்டீங்களே, அது."

நான் கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் முழுப் பாட்டும் இருந்தது. திறந்தேன். "நல்ல ஸ்பீக்கர்ல கேட்டாதான் அந்த அடிச்சத்தம் சரியா தெரியும்" என்றான் மேஸ்திரி. அந்த நேரத்திலும் அப்படிச் சொன்னான்.

தங்கை ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரம். மாப்பிள்ளை இடது கையை அவள் பக்கம் நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை. என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

பாட்டு மெதுவாகத் தொடங்கியது. புல்லாங்குழல். மேஸ்திரி வெட்டச் சொன்ன இடம். அதற்குப் பின்னால், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல மாப்பிள்ளையின் சிம்பல், இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்துச் சிம்பல். மேஸ்திரியின் கால் தன்பாட்டுக்கு ஏழு எண்ணிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் இடது கட்டைவிரலும் எண்ணியது. குனிந்து பார்த்தேன், என் விரலும் எண்ணிக்கொண்டிருந்தது. அதை மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பினார்கள். அது கிளம்பிப் போயும் விட்டது. புல்லாங்குழல் இன்னும் முடியவில்லை. இவ்வளவு நேரத்தில் ஒரு மனுஷனைத் தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கலாம். தங்கை கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. மூன்றாவது நிமிஷத்திலேயே எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. திரையைப் பார்த்தேன். இன்னும் பதினாலு இருந்தது.